கொழும்பு மண்ணைக் கணக்கிடுவது எப்படி: முதலில் தண்ணீரைப் பிரியுங்கள்

பொரளையில் ஒரு மாடிவீட்டுக்கு அத்திவாரம் வெட்டினால் ஒன்றரை மீற்றரிலேயே செம்மண்ணும் கபொக் என்ற இறுகிய மண்ணும் மண்வெட்டியை எதிர்க்கும். அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, கொலன்னாவையின் தாழ்நிலத்தில் அதே ஆழம் வெட்டினால் குழிக்குள் கறுத்த தண்ணீர் ஊறும். அள்ளி எடுத்த மண்ணில் வேரும் நாரும் கிடக்கும், கையில் பிழிந்தால் விரலிடுக்கால் வழியும். இரண்டும் ஒரே நகரம். ஆனால் ஒன்றுக்குப் போட்ட அத்திவாரத்தை மற்றதற்குப் போட்டால் சில வருடங்களில் சுவர் மூலைக்கு மூலை பிளக்கும்.

மண்பொறியியல் பாடத்தில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல. எந்தச் சுமையை மண் தாங்குகிறது, எதைத் தண்ணீர் தாங்குகிறது என்று பிரித்துப் பார்க்காமல் கணக்கைத் தொடங்குவதில்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பழக்கத்தைச் சுற்றி வருகிறது: மண்படைகளை வரையுங்கள், நீர்மட்டத்தைக் குறியுங்கள், அதன் பிறகே கல்குலேற்றரைத் தொடுங்கள். கொழும்பில் இந்தப் பழக்கம் மிக அவசியம். இங்குள்ள பீட் மண்ணில், அதாவது உக்கிய தாவரம் நிறைந்த சதுப்பு மண்ணில், பத்துக் கிலோபாஸ்கல் பிழை ஒரு மீற்றர் இறக்கமாக வெளிவரும்.

நிலத்தின் அமைப்பு

கொழும்பின் அடியில் கிடப்பது பழைய உருமாறிய பாறை, பெரும்பாலும் நைஸ் வகை. அந்தப் பாறை வெப்பத்திலும் மழையிலும் உக்கி, இடம்பெயராமல் அங்கேயே மண்ணானது எச்ச மண். அதன் மேற்பகுதியில் இரும்பு ஒட்சைட்டு திரண்டு இறுகியது கபொக். மேட்டு நிலங்களில் இவைதான் கிடைக்கும். கடலோரமாக மணல். களனி கங்கையின் வெள்ளச் சமவெளியிலும் கோட்டே, அத்திடிய, முத்துராஜவெல போன்ற சதுப்புகளிலும் பீட்டும் மென்களியும். இதற்கெல்லாம் மேலே மனிதர் கொட்டிய நிரப்பு மண்: கிரவல், கட்டட இடிபாடு, சில இடங்களில் குப்பை. மேலே கிரவல் தெரிவதால் கீழேயும் கிரவல் என்று எண்ணிவிடாதீர்கள். நகரத்தின் தாழ்ந்த காணிகளில் முதல் ஒரு மீற்றர் எதையும் சொல்லாது.

கையால் அறிதல்

லேப்புக்குப் போகுமுன் செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. ஒரு கைப்பிடி மண்ணைப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் அடுத்த சில மணிநேரத்தில் படியும், மறுநாளும் தண்ணீர் கலங்கியிருந்தால் களி. இரண்டாவது, ஈரமான உருண்டையை உள்ளங்கையில் வைத்து மறுகையால் பக்கவாட்டில் தட்டுங்கள். மேற்பரப்பு நீர் மினுங்கி, அழுத்தியதும் மறைந்தால் வண்டல். களி அப்படி மினுங்காது. மூன்றாவது, காய்ந்த கட்டியை விரலால் நொறுக்குங்கள். தூளானால் வண்டல், உடையவே மறுத்தால் களி.

பீட்டுக்கு வேறு சோதனை தேவையில்லை, பிழிந்தால் போதும். தெளிந்த நீர் வந்து நார் கையில் நின்றால் இன்னும் உக்காத பீட். பழுப்புச் சேறு விரலிடுக்கால் வழிந்தால் நன்றாக உக்கியது. இதைக் குறிப்பில் எழுதுங்கள். நார் மிகுந்த பீட் தொடக்கத்தில் நீரை வேகமாக விடும், உக்கியது மெதுவாக விடும். கணக்கில் நேரம் வரும்போது இந்தக் குறிப்புத் தேவைப்படும்.

திரவ எல்லையும் பிளாஸ்டிக் எல்லையும் 425 மைக்ரோன் அரிதட்டைக் கடந்த மண்ணில் செய்யப்படுபவை. சுவீடனைச் சேர்ந்த அற்றர்பேர்க் 1911 இல் முன்வைத்த எல்லைகளிலிருந்து வந்தவை இவை. கூம்பு முறையில் 80 கிராம் திணிவுள்ள 30 பாகைக் கூம்பு 5 விநாடியில் 20 மில்லிமீற்றர் இறங்கும் ஈரப்பதன் திரவ எல்லை. கண்ணாடியில் உருட்டும் திரி 3 மில்லிமீற்றரில் வெடித்து உதிரும் ஈரப்பதன் பிளாஸ்டிக் எல்லை. இங்கே நம் நாட்டு மண்ணுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: எச்ச மண்ணை அடுப்பில் 105 பாகையில் காயவைத்துவிட்டு எல்லைச் சோதனை செய்யாதீர்கள். சில வெப்பமண்டலக் களிக் கனிமங்கள் ஒருமுறை காய்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பா. நுண்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், திரவ எல்லை உண்மையை விடக் குறைவாக வரும், மண் நல்லது போலத் தோன்றும். இயற்கை ஈரத்திலிருந்து தொடங்கி வேலை செய்யுங்கள்.

மூன்று பங்கு

மண் என்பது திண்மம், நீர், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தது. பரீட்சையில் சூத்திரம் மறந்தால் ஒரு பெட்டியை மூன்றாகக் கோடிட்டு, இடப்பக்கம் கனவளவும் வலப்பக்கம் திணிவும் எழுதுங்கள். மீதி தானாக வரும்.

செய்து பார்ப்போம். 1000 கன சென்ரிமீற்றர் உருளையால் எடுத்த செம்மண் ஈரமாக 1950 கிராம், காய்ந்தபின் 1650 கிராம். நீர் 300 கிராம். ஈரப்பதன் 300 இன் கீழ் 1650, அதாவது 18.2 சதவீதம். வகுப்பது காய்ந்த திணிவால், ஈரத் திணிவால் அல்ல. இந்த ஒரு பிழை அடுத்த எல்லா எண்ணையும் கெடுக்கும். திண்மத்தின் தன்னீர்ப்பு (அதே கனவளவு நீரை விட எத்தனை மடங்கு பாரம் என்பது) 2.70 என்றால் திண்மக் கனவளவு 611, வெற்றிடம் 389, வெற்றிட விகிதம் 389 இன் கீழ் 611, அதாவது 0.64. வெற்றிடத்தில் 300 நீர், ஆகவே நிரம்பல் 77 சதவீதம். நிரம்பல் 100 ஐத் தாண்டி வந்தால் மண்ணில் அதிசயம் இல்லை, நிறுத்ததில் அல்லது உருளையின் அளவில் பிழை. ஒவ்வொரு முறையும் இப்படிச் சரிபாருங்கள்: ஈரப்பதனைத் தன்னீர்ப்பால் பெருக்கியது, நிரம்பலை வெற்றிட விகிதத்தால் பெருக்கியதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

காய்ந்த திணிவால் வகுப்பதால்தான் பீட்டின் ஈரப்பதன் 300 சதவீதம் என்று வருவது தவறல்ல. ஒரு கிலோ காய்ந்த பொருளோடு மூன்று கிலோ தண்ணீர் இருக்கிறது, அவ்வளவே. அந்தப் பீட்டின் தன்னீர்ப்பு 1.6 எனக் கொண்டால், நீர் நிரம்பிய நிலையில் வெற்றிட விகிதம் 3.0 பெருக்கல் 1.6, அதாவது 4.8. ஒரு கன மீற்றரின் நிறை 10.8 கிலோநியூட்டன். வெறும் தண்ணீரே 9.81. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த பகுதி முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

பயனுறு தகைப்பு

விரிவுரையில் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் என்று சொல்லப்படுவதை இங்கே பயனுறு தகைப்பு என்கிறோம். கார்ல் டெர்சாகி 1920களில் நிறுவிய கருத்து இது: ஓர் ஆழத்தில் மேலே உள்ள எல்லாவற்றின் நிறையும் தருவது மொத்தத் தகைப்பு, அதில் ஒரு பங்கை வெற்றிடத்து நீர் அமுக்கமாகத் தாங்குகிறது, மிச்சத்தை மண்ணின் எலும்புக்கூடு தாங்குகிறது. அந்த மிச்சம்தான் பயனுறு தகைப்பு. மண் இறங்குவதும் வலுப்பதும் வழுக்குவதும் அந்த மிச்சத்தைப் பொறுத்தே. தண்ணீருக்கு ஷியர் வலிமை, அதாவது வழுக்கலை எதிர்க்கும் வலிமை, கிடையாது.

நான்கு மீற்றர் தடிப்பான பீட், கீழே மணல், நீர்மட்டம் நிலமட்டத்திலேயே. கொழும்பின் சதுப்புகளில் வழக்கமான காட்சி இது. படையின் நடுவில், 2 மீற்றர் ஆழத்தில் கணக்கிடுவோம். மொத்தத் தகைப்பு 10.8 பெருக்கல் 2, 21.6 கிலோபாஸ்கல். நீரமுக்கம் 9.81 பெருக்கல் 2, 19.6. மிச்சம் வெறும் 2 கிலோபாஸ்கல். அந்த எலும்புக்கூடு இன்று தாங்கும் சுமை அவ்வளவுதான். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்கிறார், பாதத்தின் பரப்பு 180 சதுர சென்ரிமீற்றர் என்றால், அவர் தருவது ஏறத்தாழ 33 கிலோபாஸ்கல். சதுப்பில் கால் ஏன் புதைகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். 2 மீற்றர் உயரக் கிரவல் நிரப்பு, கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன் வீதம், 36 கிலோபாஸ்கல் தரும். அந்த ஆள் காணி முழுவதும் நிரந்தரமாக நிற்பதற்குச் சமம்.

நீர்மட்டம் மாறினால் ஒரு கல்லும் வைக்காமலே சுமை மாறும். அடித்தளம் தோண்டும்போது பம்பு வைத்து நீர்மட்டத்தை 3 மீற்றர் இறக்கினால், மேலுள்ள மண் ஈரமாகவே இருக்கையில், கீழே பயனுறு தகைப்பு 29 கிலோபாஸ்கல் கூடும். அது 1.6 மீற்றர் கிரவல் கொட்டியதற்குச் சமம். பம்பு உங்கள் குழியில் ஓடினாலும் நீர்மட்டம் பக்கத்துக் காணியிலும் இறங்கும், அங்கே பீட் இருந்தால் அயலவரின் சுவர் வெடிக்கும். ஆகவே நீரிறைப்பு உள்ள எந்த வடிவமைப்பிலும் அயல் கட்டடங்களின் இறக்கத்தையும் கணக்கிடுங்கள், தோண்டு முன்பே வெடிப்புகளைப் படமெடுத்துப் பதியுங்கள். தோண்டும் காலம் முழுவதும் அயல் நீர்மட்டத்தை அளக்க ஒரு குழாயாவது இருக்கட்டும்.

எதிர்த்திசையும் உண்டு. நீர் கீழிருந்து மேலே பாய்ந்தால் எலும்புக்கூட்டின் பங்கு குறைந்து சுழியாகலாம். அந்த நிலையை எட்டும் நீர்ச்சாய்வு (நீர்மட்ட வித்தியாசத்தைப் பாயும் தூரத்தால் வகுத்தது), தன்னீர்ப்பிலிருந்து ஒன்றைக் கழித்து, வெற்றிட விகிதத்தோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்தால் வரும். தன்னீர்ப்பும் வெற்றிட விகிதமும் முறையே 2.65, 0.65 ஆக உள்ள மணலுக்கு அது 1.0. நமது பீட்டுக்கு 0.6 இன் கீழ் 5.8, ஏறத்தாழ 0.10. பாடப்புத்தகத்து 'ஒன்று' இங்கே உதவாது. கீழுள்ள மணலின் நீர்மட்டம் குழித்தளத்தை விட வெறும் 40 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால் 4 மீற்றர் பீட் படை முழுவதும் மிதக்கத் தொடங்கும்.

செம்மண் வெட்டுச் சரிவில் நடப்பதும் இதே கணக்குத்தான். நிரம்பாத மண்ணில் நீரமுக்கம் மறைக்குறியானது, மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். கபொக் கலந்த வெட்டுமுகம் மூன்று நான்கு மீற்றர் செங்குத்தாக மாசியில் நிற்பது அந்த இழுவையாலும் இரும்பு ஒட்டலாலும். மே மாதத் தென்மேல் பருவமழை ஊறியதும் இழுவை போய்விடும். வரட்சியில் நின்றதை மழையில் நிற்கும் என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

இறக்கம் எவ்வளவு

மேலே சொன்ன காணியில் 2 மீற்றர் கிரவல் நிரப்பப் போகிறோம். லேப்பின் ஒடோமீற்றர் சோதனை (வளையத்துக்குள் வைத்த மண்ணைப் படிப்படியாக அமுக்கிப் பார்ப்பது) தந்தவை: இறுகல் சுட்டி (புதிய சுமையில் மண் நசுங்கும் அளவு) 2.0, மீளிறுகல் சுட்டி (முன்பே கண்ட சுமைக்குள் நசுங்கும் அளவு) 0.2. இறக்கத்துக்கான வழி: சுட்டியை, வெற்றிட விகிதத்தோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, படைத் தடிப்பால் பெருக்கி, இறுதிப் பயனுறு தகைப்பைத் தொடக்கத் தகைப்பால் வகுத்ததன் பத்தடி மடக்கையால் பெருக்குங்கள்.

அவசரப்பட்டால் தொடக்கம் 2, இறுதி 38, விகிதம் 19, மடக்கை 1.28. விடை 1.76 மீற்றர். 4 மீற்றர் படையில் கிட்டத்தட்ட பாதி. இங்கேதான் நிற்க வேண்டும். சதுப்பின் நீர்மட்டம் வரட்சியில் இறங்கி ஏறியிருக்கும், பீட் தன் இன்றைய சுமையை விடக் கூடியதை முன்பே கண்டிருக்கும். சோதனை வளைவு முன்னிறுகல் தகைப்பு 10 கிலோபாஸ்கல் என்று காட்டுகிறது எனக் கொள்வோம். அப்போது 2 இலிருந்து 10 வரை மீளிறுகல் சுட்டி, 10 இலிருந்து 38 வரை இறுகல் சுட்டி. முதற்பகுதி 0.10 மீற்றர், இரண்டாவது 0.80. மொத்தம் 0.90. முன்னிறுகல் தகைப்பை விட்டுவிட்டதால் மட்டும் விடை இரட்டிப்பானது. இவ்வளவு குறைந்த தகைப்பில் மடக்கை மிக உணர்வானது. சோதனையின் முதல் சுமைப்படி 5 கிலோபாஸ்கலுக்கு மேல் இருந்தால் அந்த வளைவின் தொடக்கத்தை நம்ப வேண்டாம், இன்னும் சிறிய படிகளில் மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. 0.90 மீற்றர் இறங்கும் நிரப்பின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போகிறது, அந்தப் பகுதி மிதப்பால் இலேசாகிறது. நிரம்பிய கிரவல் கன மீற்றருக்கு 20 கிலோநியூட்டன், நீருக்குள் 10.2. ஆகவே சுமை 36 அல்ல: 1.1 பெருக்கல் 18, கூட்டல் 0.9 பெருக்கல் 10.2, ஏறத்தாழ 29. அதை வைத்துத் திரும்பக் கணக்கிட்டால் இறக்கம் 0.77, அதற்குரிய சுமை 30, மறுபடி செய்தால் 0.79. அங்கே நிலைக்கும். 2 மீற்றர் கொட்டியதில் 1.2 மீற்றர்தான் தண்ணீருக்கு மேலே நிற்கும். வெள்ளமட்டத்துக்கு மேல் 2 மீற்றர் வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால், கொட்ட வேண்டிய உயரம் வேறு. லொறிக் கணக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான்.

எப்போது இறங்கும்

சுமை வைத்த அந்தக் கணத்தில் முழுவதையும் நீரே தாங்கும். நீர் வெளியேற வெளியேறத்தான் எலும்புக்கூட்டுக்கு மாறும். 90 சதவீத இறுகலுக்குக் காலக் காரணி 0.848. அதை நீர் ஓடும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி இறுகல் குணகத்தால் (மண் எவ்வளவு வேகமாக இறுகும் என்பதன் அளவு) வகுத்தால் காலம். மேலே கிரவல், கீழே மணல், நீர் இரு பக்கமும் போகலாம், ஆகவே தூரம் 2 மீற்றர். இறுகல் குணகம் வருடத்துக்கு 2 சதுர மீற்றர் என்றால் 1.7 வருடம். கீழே மணலுக்குப் பதில் இறுகிய களி இருந்திருந்தால் தூரம் 4 மீற்றர், காலம் 6.8 வருடம். வர்க்கம் என்பதால் இரட்டித்த தூரம் நான்கு மடங்கு காலம். போர்ஹோல் (ஆய்வுத் துளை) பதிவில் பீட்டுக்குக் கீழே ஒரு வரியில் எழுதப்பட்ட மண்பெயருக்கு இவ்வளவு பாரம் இருக்கிறது.

நிலைக்குத்து வடிகால்கள் வேலை செய்வது இந்த வர்க்கத்தைக் குறைத்துத்தான். ஒரு மீற்றருக்கு ஒன்று வீதம் பட்டிவடிகால் இறக்கினால் நீர் அரை மீற்றர் பக்கவாட்டில் ஓடினால் போதும். முத்துராஜவெல ஊடாகச் சென்று 2013 இல் திறக்கப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை போன்ற வேலைகளில் மென்நிலத்தைச் சீர்செய்யாமல் நிரப்பு எழுப்ப முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பீட் நசுங்க நசுங்க நீர் ஓடும் வழி குறுகும், இறுகல் குணகம் சோதனையின் பிற்படிகளில் பல மடங்கு குறையும். தொடக்கச் சுமைப்படியின் குணகத்தை முழுக் காலத்துக்கும் எடுத்தால் உங்கள் கால அட்டவணை பொய்க்கும்.

நீர் அமுக்கம் முழுதும் போன பிறகும் பீட் நிற்காது. நார்களே மெல்ல நெகிழும். பீட்டுக்கு இந்த இரண்டாம்நிலை இறுகல் சுட்டி, இறுகல் சுட்டியின் ஏறத்தாழ 0.06 பங்கு. நமது எண்களில் 0.12. அதைக் கொண்டு 2 ஆம் வருடத்திலிருந்து 20 ஆம் வருடம் வரை இன்னும் 80 மில்லிமீற்றர் வரும். வீதிக்குப் பரவாயில்லை, கற்கட்டுச் சுவருக்கு ஆபத்து. இதைக் குறைக்கத்தான் தேவைக்கு மேல் ஒரு மீற்றரோ கூடவோ தற்காலிகமாக ஏற்றி, பின் எடுத்துவிடுகிறார்கள்.

ஏற்றும் வேகம்

ஒரே மூச்சில் 2 மீற்றர் கொட்டலாமா? நீர் வெளியேற நேரமில்லாத நிலையில் பீட்டுக்கு இருப்பது வடியா ஷியர் வலிமை மட்டும். புலத்தில் வேன் சோதனை (சிறகுள்ள கம்பியை மண்ணில் இறக்கித் திருகிப் பார்ப்பது) 8 கிலோபாஸ்கல் தந்தால், தாங்குதிறன் 5.14 பெருக்கல் 8, 41. சுமை 36. பாதுகாப்புக் காரணி 1.14, ஏற்றுக்கொள்ளத் தகாதது. நிரப்பின் ஓரத்தில் நிலம் வீங்கி எழும்பினால் தோல்வி தொடங்கிவிட்டது. அங்கே இன்னும் மண் கொட்டி மட்டமாக்குவது மிக மோசமான செயல். அரை மீற்றராக ஏற்றி, பீசோமீற்றரில் (மண்ணுக்குள் நீரமுக்கத்தை அளக்கும் கருவி) நீரமுக்கம் இறங்கும்வரை காத்து, அடுத்ததை ஏற்றுங்கள். இறுகலோடு வலிமையும் கூடும்.

வடிந்த வலிமையா வடியா வலிமையா என்ற கேள்விக்கு வழி இதுதான்: எந்தத் தருணம் மிக ஆபத்தானது? மென்மண்ணில் நிரப்புக்கு, கொட்டி முடித்த நாள், ஆகவே வடியா வலிமை. வெட்டுச் சரிவுக்கு, பல மாதம் கழித்து நீர் ஊறிய நாள், ஆகவே வடிந்த வலிமை. மணலில் எப்போதும் வடிந்தது, நிலநடுக்கம் போன்ற திடீர் அசைவைத் தவிர. தாழ்நிலத்தில் உயரமாக எதையாவது அடுக்குவது, அது குப்பையானாலும், மண்பொறியியல் கட்டமைப்புத்தான். 2017 ஏப்ரல் 14 இல் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தாழ்நிலத்தின் மேல், வீடுகளுக்கு அருகே, சரிவு சோதிக்காமல் எந்த மேடும் எழக்கூடாது.

போர்ஹோல் பதிவைப் படித்தல்

எஸ்பிடி (SPT, நியம ஊடுருவல்) சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீற்றர் விழுந்து மாதிரிக் குழாயை 450 மில்லிமீற்றர் இறக்குகிறது. முதல் 150 ஐ விட்டு, அடுத்த இரண்டு 150 களின் அடிகளைக் கூட்டினால் வருவது N எண். 4, 6, 9 என்று பதிவிருந்தால் விடை 15, 19 அல்ல. எண்ணை அப்படியே எடுக்காமல் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் உண்டு. மணலில் துளைக்குள் நீர்மட்டத்தை வெளியை விடக் கீழே விட்டால், அடி மணல் கொதித்துத் தளர்ந்து எண் பொய்யாகக் குறையும். கபொக் கட்டியில் குழாய் முட்டினால் எண் பொய்யாகக் கூடும். பீட்டில் கம்பியின் பாரத்திலேயே குழாய் இறங்கி எண் சுழி வரும். அது பிழையல்ல, உண்மை, ஆனால் அந்தச் சுழியிலிருந்து வலிமை கணிக்க முடியாது, வேன் சோதனை வேண்டும். நீர்மட்டத்தைத் துளைத்த அன்றே எழுதியிருந்தால் அது துளைக்கும் நீரின் மட்டம். 24 மணிநேரம் கழித்த அளவைக் கேளுங்கள்.

எச்ச மண்ணுக்குள் உக்காமல் மிஞ்சிய பெருங்கற்கள் கிடக்கும். 50 அடிக்கும் இறங்கவில்லை என்றவுடன் பாறை வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். குறைந்தது 3 மீற்றர் கோர் (துளைத்தெடுத்த உருளை மாதிரி) எடுத்துத் தொடர்ச்சியாகக் கல் வந்தால்தான் பாறை. பைல் (ஆழமாக இறக்கும் அத்திவாரத் தூண்) ஒன்று மிதக்கும் கல்லில் அமர்ந்து பக்கத்துப் பைல் உண்மைப் பாறையில் அமர்ந்தால் இரண்டும் ஒன்றாக இறங்கா. நிரப்பிய பீட்டுக்கூடாகப் போகும் பைலுக்கு இன்னொரு சுமையும் உண்டு: இறங்கும் மண் பைலைக் கீழே இழுக்கும். அந்த ஆழத்தின் பக்க உராய்வைத் தாங்குதிறனில் கூட்டக்கூடாது, சுமையில் கூட்ட வேண்டும்.

கிரவலை இறுக்குதல்

இதில் சுருக்கமே போதும். புறொக்ரர் 1933 இல் காட்டியபடி, ஒரே உழைப்பில் காய்நிலை அடர்த்தி ஒரு குறித்த ஈரத்தில் உச்சமடையும். நியமச் சோதனையில் 2.5 கிலோ சுத்தியல், 300 மில்லிமீற்றர் விழுதல், மூன்று படை. சைட்டில் தளர்வாக 200 மில்லிமீற்றருக்கு மேல் பரப்பாதீர்கள், ரோலரின் வேலை அதற்குக் கீழே எட்டாது. லேப் உச்சம் 1.90, புலத்தில் ஈர அடர்த்தி 2.05, ஈரப்பதன் 14 சதவீதம் என்றால் காய்நிலை 2.05 இன் கீழ் 1.14, 1.80. விகிதம் 94.6. தேவை 95 என்றால் தோல்விதான், தூக்கிக் கொடுக்காதீர்கள். மழைக்குப் பின் ரோலர் போனதும் நிலம் ரப்பர் போல அலைந்தால் இன்னும் உருட்டுவது கெடுக்கும். கிளறிக் காயவிடுங்கள்.

தகட்டின் அளவீடு

கணக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் பீட்டில் அளவீடே தீர்ப்பு. நிரப்புமுன் நிலத்தில் இறக்கத் தகடுகளை வைத்து, குழாயை நிரப்போடு உயர்த்தி, நிரப்புக்கு வெளியே பாறையிலோ பைலிலோ உள்ள அசையாத குறியிலிருந்து மட்டம் பாருங்கள். சுமை ஏற்றி முடிந்த பின் சம இடைவெளியில் அளவுகளை எடுங்கள். அசாவோகா 1978 இல் தந்த முறையில் ஒவ்வோர் அளவையும் அதற்கு முந்தியதற்கு எதிராகப் புள்ளியிடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் வரும், அது 45 பாகைக் கோட்டை வெட்டும் இடம் இறுதி முதன்மை இறக்கம்.

மூன்று மாதத்துக்கொரு முறை 300, 425, 519, 589, 642 மில்லிமீற்றர் வந்திருக்கிறது என்போம். கூடுதல்கள் 125, 94, 70, 53. ஒவ்வொன்றும் முந்தியதன் முக்கால். அப்படியானால் இனி வரவிருப்பது 53 இன் மூன்று மடங்கு, 159. இறுதி ஏறத்தாழ 800. இன்று நிற்பது 80 சதவீதத்தில். நாம் கணக்கிட்ட 0.79 உடன் இது ஒத்துப் போகிறது. புள்ளிகள் நேர்கோட்டை விட்டு வளையத் தொடங்கினால் இரண்டாம்நிலை இறுகல் உள்ளே வந்துவிட்டது, அதன் பின்னுள்ள புள்ளிகளைக் கோட்டில் சேர்க்க வேண்டாம். தற்காலிகச் சுமை ஏற்றியிருந்தால், தகடு காட்டும் இறக்கம் நிரந்தரச் சுமைக்கான இறுதி இறக்கத்தையும் 20 வருட இரண்டாம்நிலை 80 மில்லிமீற்றரையும் கடந்த நாளில், பீசோமீற்றரையும் ஒருமுறை படித்துவிட்டு, அந்த மேல்மண்ணை எடுக்கலாம்.